மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் பழம் சாப்பிடலாமா? – வாசகர் கேள்வி பதில்

மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்) குறைந்த உணவுமுறையைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பழத்தைப் பற்றியே கேட்டிருந்தன. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். வேறு விதமாகச் சொல்லாத இடங்களில், நான் தரும் அளவுகள் 100 கிராம் சதைக்கான தோராயக் கணக்கு என்று கொள்ளவும். ரகத்தையும் பழுத்த பதத்தையும் பொறுத்து அவை சற்றே கூடும், குறையும்.

எனக்கு 52 வயது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.3 வந்ததால், மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், உணவில் மாவுச்சத்தைக் குறையுங்கள் என்று மருத்துவர் சொன்னார். காலையில் முட்டையும் காய்கறியும், மதியம் ஒரு சிறு கிண்ணம் சாதம், இரவு இரண்டு சப்பாத்தி என்று மாற்றிக்கொண்டேன். மாலையில் தெருமுனைத் தள்ளுவண்டியில் ஒரு கொய்யா வாங்கிச் சாப்பிடுவது வழக்கம். "பழம் என்றாலே சர்க்கரைதான், அடியோடு நிறுத்து" என்கிறார் உடன் நடைப்பயிற்சிக்கு வரும் தோழி. நிறுத்தத்தான் வேண்டுமா?
– வாசகி, மேற்கு மாம்பலம்

நிறுத்த வேண்டாம். தோழி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பழத்தில் சர்க்கரை இருப்பது மறுக்க முடியாதது. ஆனால் எவ்வளவு இருக்கிறது, எதனோடு சேர்ந்து இருக்கிறது, அன்றைய நாளின் மொத்தக் கணக்கில் அது எங்கே உட்காருகிறது என்ற மூன்றையும் பார்க்காமல் பழத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சரியல்ல.

ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் குறைவான மாவுச்சத்து என்பதையே பொதுவாக மாவுச்சத்து குறைந்த உணவு என்று சொல்கிறார்கள். உங்கள் தட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மதியம் 100 கிராம் சாதத்தில் 28 கிராம், இரவு இரண்டு மெல்லிய சப்பாத்தியில் சுமார் 36 கிராம், பால், தயிர் இரண்டும் சேர்ந்து 400 மில்லி என்றால் ஏறக்குறைய 20 கிராம், பருப்புக்கும் காய்கறிக்கும் ஒரு 25 கிராம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 109 வருகிறது. நடுத்தர அளவுள்ள, சுமார் 150 கிராம் எடையுள்ள கொய்யாவில் 21 கிராம் மாவுச்சத்து இருந்தாலும் அதில் 8 கிராம் நார்ச்சத்து. நார்ச்சத்து இரத்தத்தில் சர்க்கரையாகக் கலப்பதில்லை என்பதால் அதைக் கழித்துவிட்டால் மீதி 13 கிராம்தான். ஆக 122. நீங்கள் இன்னும் எல்லைக்குள்தான் இருக்கிறீர்கள்.

அதே மாலை நேரத்தில் கொய்யாவுக்குப் பதிலாக இரண்டு பிஸ்கட்டும் சர்க்கரை போட்ட தேநீரும் எடுத்துக்கொண்டால் மாவுச்சத்துக் கணக்கு ஏறத்தாழ அதுவேதான் வரும். ஆனால் நார்ச்சத்தும் வராது, வைட்டமின் சியும் வராது, ஒரு மணி நேரத்தில் மறுபடி பசிக்கும். கொய்யாவைக் கடித்து, விதையோடு மென்று முடிப்பதற்கே சில நிமிடங்கள் ஆகின்றன. அந்த மெல்லுதலும் வயிறு நிறைவதற்கு ஒரு காரணம். முழுக்கக் கனிந்து குழைந்த பழத்தைவிடச் செங்காயாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். வண்டிக்காரர் கீறித் தரும்போது உப்பும் மிளகாய்த்தூளும் தூவுவதைக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சர்க்கரைக்காக அல்ல, இந்த வயதில் இரத்த அழுத்தத்தையும் கவனிக்க வேண்டும் என்பதற்காக.

நம் ஊரில் மாவுச்சத்து மிகுவதற்குப் பழம் முதன்மைக் காரணமே அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் நடத்திவரும் நாடு தழுவிய ஆய்வின் 2025ஆம் ஆண்டு முடிவுகளின்படி, இந்தியர்கள் உண்ணும் ஆற்றலில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது. வெள்ளை அரிசி, அரைத்த தானிய மாவு, சேர்க்கும் சர்க்கரை ஆகியவையே அதன் பெரும்பங்கு. மறுபுறம், ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஒரு நாளைக்கு 100 கிராம் பழம் சாப்பிடச் சொல்கிறது. சாதத்தை ஒரு கரண்டி குறைக்க மனம் வராமல் கொய்யாவைத் தியாகம் செய்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. நீங்கள் சாதத்தைக் குறைத்துவிட்டீர்கள். அதனால் கிடைத்த இடத்தில் ஒரு பழத்தை வைத்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு.

ஐயம் தீரவில்லை என்றால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். குளுக்கோமீட்டரில் பழம் சாப்பிடும் முன் ஒருமுறையும் இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறையும் பாருங்கள். ஒரே உணவுக்கு இரண்டு பேரின் உடலில் சர்க்கரை ஒரே மாதிரி ஏறுவதில்லை என்பதை இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 800 பேரைக் கொண்டு நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் காட்டியது. ஆகவே, தோழியின் அனுபவம் அவருக்குச் சரியாக இருக்கலாம். உங்களுக்கு எது சரி என்பதை உங்கள் விரல்நுனி இரத்தம் சொல்லட்டும்.

நான் 29 வயது மென்பொருள் ஊழியன். எடை குறைப்பதற்காகக் கீட்டோ முறையில் நாளொன்றுக்கு 20 கிராமுக்குள் மாவுச்சத்து எடுக்கிறேன். முட்டை, பனீர், பாதாம் என்று சாப்பிட்டு அலுத்துவிட்டது, மலச்சிக்கலும் இருக்கிறது. எந்தப் பழமாவது சாப்பிட வழி உண்டா?
– வாசகர், வேளச்சேரி

உங்கள் நிலை முந்தைய வாசகியின் நிலையிலிருந்து முற்றிலும் வேறானது. 20 கிராம் என்னும் எல்லையில் ஒரு பெரிய வாழைப்பழமே நாள் முழுவதற்குமான கணக்கைத் தீர்த்துவிடும். வாழையில் 100 கிராமுக்கு 23 கிராம் மாவுச்சத்து. நார்ச்சத்தோ இரண்டரை கிராம்தான். சப்போட்டா, பலாச்சுளை, திராட்சை, மாதுளை ஆகியவையும் உங்களுக்கு இப்போது ஒத்துவராது.

ஒத்துவருபவை சில உண்டு. வெண்ணெய்ப்பழத்தில் எட்டரை கிராம் மாவுச்சத்து இருந்தாலும் ஏறக்குறைய ஏழு கிராம் நார்ச்சத்தாகப் போய்விடும். கொடைக்கானல் மலைச்சரிவுகளிலும் நீலகிரியிலும் விளைவதே சென்னைக்கு வருகிறது, வெளிநாட்டுப் பழம்தான் வேண்டும் என்பதில்லை. கடையில் "பட்டர் ஃப்ரூட்" என்ற பெயரில் பாலும் சர்க்கரையும் அடித்துத் தருவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பழத்தை வெட்டி, எலுமிச்சைச் சாறு பிழிந்து, மிளகுத்தூள் தூவிச் சாப்பிடலாம். தேங்காய்ச் சில்லில் 15 கிராம் மாவுச்சத்து என்றால் 9 கிராம் நார். நெல்லிக்காயில் 10 கிராமுக்கு 4 கிராம் நார். தக்காளியும் எலுமிச்சையும் கணக்கில் பெரிதாக ஏறா. புளிப்பான மாங்காயை இரண்டு மூன்று கீற்றோடு நிறுத்திக்கொள்ள முடிந்தால் அதுவும் பரவாயில்லை. கொய்யாவில் 50 கிராம், அதாவது ஒரு பழத்தில் மூன்றில் ஒரு பங்கு, நிகரமாக 5 கிராமுக்குள் அடங்கும். அந்தச் சிறு துண்டே 100 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி தருகிறது. ஆண்களுக்கு இந்தியாவில் பரிந்துரைக்கப்படும் ஒரு நாள் அளவு 80 மில்லிகிராம்தான்.

மலச்சிக்கலுக்குப் பழத்தை மட்டும் நம்பாதீர்கள். கீரை, அவரை, வெண்டை, சுரை, பூசணி, முட்டைக்கோஸ் இவற்றின் அளவை இரட்டிப்பாக்குங்கள். தண்ணீரும் போதுமான அளவு குடியுங்கள். பனீரும் பாதாமும் மட்டுமே உள்ள தட்டு யாருக்கும் சிக்கல் தரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கீட்டோ உணவு 1921இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ரசல் வைல்டர் என்னும் மருத்துவர் வலிப்பு நோயாளிகளுக்காக வகுத்தது; மருத்துவக் கண்காணிப்பில் தரப்பட்ட சிகிச்சை அது. எடை குறைப்பதற்கு அவ்வளவு இறுக்கமான எல்லை பெரும்பாலானோருக்குத் தேவையில்லை என்பதே என் கருத்து. நாளொன்றுக்கு 20 கிராமில் இரண்டு மாதம் தாக்குப்பிடித்து, அலுத்துப்போய்ப் பழைய சாப்பாட்டுக்கே திரும்புவதைவிட, 80 அல்லது 100 கிராமில் ஒரு கொய்யாவோடும் ஒரு கீற்றுப் பப்பாளியோடும் ஆண்டுக்கணக்கில் நிலைத்திருப்பது உங்கள் உடலுக்கு அதிக நன்மை தரும்.

பூங்காவில் நடந்துவிட்டு வெளியே வந்ததும் சர்க்கரை சேர்க்காத ஆரஞ்சுச் சாறு ஒரு தம்ளர் குடிக்கிறேன். பழம்தானே, சர்க்கரையும் போடவில்லையே என்று நினைக்கிறேன். சரியா?
– வாசகர், அண்ணா நகர்

சரியில்லை. கடைக்காரர் பிழிவதைச் சற்று நின்று கவனியுங்கள்: 250 மில்லி தம்ளரை நிறைக்க மூன்று, நான்கு பழங்கள் போகின்றன, சக்கையெல்லாம் கூடைக்குப் போகிறது. உங்கள் கைக்கு வருவது சுமார் 25 கிராம் சர்க்கரை கரைந்த நீர். மூன்று ஆரஞ்சுப் பழங்களை உரித்து, சுளை சுளையாகத் தின்று முடிக்க உங்களுக்குப் பொறுமை இருக்காது. சாறாக வந்தால் ஒரு நிமிடத்தில் உள்ளே போய்விடுகிறது.

இதை ஆராய்ந்து பார்த்த ஒரு பழைய பரிசோதனை உண்டு. 1977இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பத்துப் பேருக்கு, ஒரே அளவு மாவுச்சத்து இருக்கும்படி, ஒரு நாள் முழு ஆப்பிளாகவும் ஒரு நாள் மசித்த கூழாகவும் ஒரு நாள் சாறாகவும் கொடுத்தார்கள். முழு ஆப்பிளைத் தின்ற வேகத்தைவிடப் பதினொரு மடங்கு வேகமாகச் சாற்றைக் குடித்தார்கள். இரத்தச் சர்க்கரை மூன்றிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் ஏறியது. ஆனால் சாறு குடித்தபோது இன்சுலின் அதிகமாகச் சுரந்து, பின்னர் சர்க்கரை தொடங்கிய நிலைக்கும் கீழே சரிந்தது. வயிறு நிறைந்த உணர்வும் சாற்றில்தான் மிகக் குறைவு. சாறு குடித்துவிட்டு வீட்டுக்குப் போன அரை மணியில் உங்களுக்குப் பசி எடுக்கிறது என்றால் காரணம் இதுதான்.

நீண்ட காலக் கணக்கும் இதையே சொல்கிறது. அமெரிக்க மருத்துவத் துறையில் பணியாற்றும் ஒன்றேமுக்கால் லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த தரவுகளை ஆராய்ந்து ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட முடிவின்படி, ஆப்பிள், திராட்சை போன்றவற்றை முழுப் பழமாக அதிகம் உண்டவர்களிடம் நீரிழிவு குறைவாகவும், பழச்சாறு அதிகம் குடித்தவர்களிடம் கூடுதலாகவும் இருந்தது. இத்தகைய ஆய்வு காரண காரியத்தை முழுமையாக நிறுவிவிடாது என்றாலும், உலக சுகாதார நிறுவனமும் பழச்சாற்றில் உள்ள சர்க்கரையைச் சேர்த்த சர்க்கரையோடுதான் வைத்து எண்ணுகிறது. முழுப் பழத்தின் சர்க்கரையை அப்படி எண்ணுவதில்லை. பீட்ரூட், கேரட், ஆப்பிள் சேர்த்து அடித்து வடிகட்டும் சாற்றுக்கும் இதே பதில்தான். ஆரஞ்சு வேண்டுமென்றால் ஒன்றை உரித்துச் சுளையாகச் சாப்பிடுங்கள். அதில் 15 கிராமுக்குமேல் போகாது.

கிளைசெமிக் குறியீடு அதிகம் என்பதால் தர்பூசணி கூடாது, பேரீச்சையில் குறைவு என்பதால் அதைத் தாராளமாகச் சாப்பிடலாம் என்று படித்தேன். உண்மையா?
– வாசகி, திருவான்மியூர்

இரண்டுமே தவறான முடிவுகள். அந்தக் குறியீட்டை 1981இல் டொரன்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் உருவாக்கினார்கள். ஓர் உணவிலிருந்து 50 கிராம் மாவுச்சத்து கிடைக்கும் அளவைக் கொடுத்து, சர்க்கரை எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பதே அதன் வழக்கமான முறை. தர்பூசணியில் 100 கிராமுக்கு ஏழரை கிராம்தான் மாவுச்சத்து. 50 கிராம் கிடைக்க முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகச் சாப்பிட்டாக வேண்டும். பேரீச்சையிலோ 100 கிராமுக்கு 75 கிராம். ஏழெட்டுப் பழத்திலேயே அந்த அளவு வந்துவிடும். குறியீட்டு எண் சர்க்கரை ஏறும் வேகத்தைச் சொல்கிறதே தவிர, நீங்கள் தட்டில் போட்டுக்கொண்ட அளவைச் சொல்வதில்லை. கோடையில் 200 கிராம் தர்பூசணித் துண்டு, அதாவது 15 கிராம் மாவுச்சத்து, தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். சாலையோரத்தில் ஒரு தட்டு நிறைய வாங்கினால் அது 300 கிராமைத் தாண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பகிர்ந்து உண்ணுங்கள். பேரீச்சை ஒன்றே போதும்.

மே மாதம் வந்தால் தயிர் சாதத்துக்கு மாம்பழம் இல்லாமல் எங்கள் வீட்டில் சாப்பாடு முடிவதில்லை. மாவுச்சத்தைக் குறைக்கும் நான் இந்த ஆண்டு மாம்பழத்தைக் கண்ணால் மட்டும்தான் பார்க்க வேண்டுமா?
– வாசகர், திருவல்லிக்கேணி

வேண்டாம். ஆனால் தயிர் சாதத்தையும் மாம்பழத்தையும் இரண்டையும் வழக்கமான அளவில் வைத்துக்கொள்ள முடியாது. 400 கிராம் எடையுள்ள பங்கனப்பள்ளி ஒன்றைத் தோலும் கொட்டையும் நீக்கினால் 250 கிராம் அளவுக்குச் சதை கிடைக்கும். மாம்பழச் சதையில் 100 கிராமுக்கு 15 கிராம் மாவுச்சத்து. நார்ச்சத்து ஒன்றரை கிராம்தான். ஆக முழுப் பழம் சுமார் 37 கிராம். அதனோடு 200 கிராம் சாதத்தின் 56 கிராமைச் சேர்த்தால் ஒரே வேளையில் 90 கிராமைத் தாண்டிவிடுகிறது. அதாவது நாளுக்கான ஒதுக்கீட்டில் பெரும்பகுதி கை கழுவுமுன்னே போய்விடுகிறது.

நான் சொல்லும் வழி இது. ஒரு பக்கத்துக் கதுப்பை மட்டும் அறுத்து, தோல் நீக்கிச் சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். 100 கிராமுக்கு எவ்வளவு துண்டுகள் என்பது கண்ணுக்குப் பழகிவிட்டால் பிறகு தராசே வேண்டாம். மாம்பழம் சாப்பிடும் வேளையில் சாதத்தை இரண்டு மூன்று பிடியாகக் குறைத்து, முதலில் பொரியலும் கூட்டும் பருப்பும், பிறகு அந்தச் சாதம், கடைசியில் பழம் என்று உண்ணுங்கள். காய்கறியையும் புரதத்தையும் முதலில் உண்டு மாவுச்சத்தைப் பின்னுக்குத் தள்ளினால் சர்க்கரை ஏற்றம் குறைகிறது என்பதை நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2015இல் நீரிழிவு உள்ளவர்களிடம் சோதித்துக் காட்டினார்கள். இமாம் பசந்தோ மல்கோவாவோ, இனிப்பில் உயர்ந்த ரகம் என்றால் அளவை இன்னும் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். ஜூஸ், மில்க் ஷேக், பதப்படுத்திய மாம்பழப் பானம் ஆகியவற்றை மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள். சீசன் என்பது சில வாரங்கள்தான்; அந்த வாரங்களில் வேறு பழமே வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டால் கணக்கு எளிதாகிவிடும்.

நாவல்பழமும் கொட்டைப் பொடியும் சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்கிறார்களே?
– வாசகி, பெரம்பூர்

குணமாக்காது. நாவல்பழம் நல்ல பழம். ஒரு கைப்பிடி சாப்பிடலாம், அதிலும் 100 கிராமுக்குச் சுமார் 15 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. கொட்டைப் பொடியை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

என் தந்தைக்கு 68 வயது. கிளிமிபிரைடு, டாபாகிளிஃப்ளோசின் மாத்திரைகள் எடுக்கிறார். சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருப்பதாகவும் பொட்டாசியம் கூடியிருப்பதாகவும் சென்ற மாதம் சொன்னார்கள். நான் மாவுச்சத்தைக் குறைத்துப் பயனடைந்ததைப் பார்த்து அவரும் சாதத்தை விட்டுவிட்டு, கொய்யாவும் இளநீருமாக இருக்கத் தொடங்கியிருக்கிறார். சரியா?
– வாசகர், தாம்பரம்

இந்தக் கடிதத்துக்குத்தான் மிகவும் அவசரமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்பாவை அருகில் உட்காரவைத்துப் படித்துக் காட்டுங்கள்.

முதலில் மாத்திரை. கிளிமிபிரைடு, உண்ணும் உணவு எவ்வளவானாலும் இன்சுலினைச் சுரக்கச் செய்துகொண்டே இருக்கும். சாதத்தைத் திடீரென்று நிறுத்தினால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து, வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் வரலாம். டாபாகிளிஃப்ளோசின் வேறு வகையில் கவலை தருகிறது. அதை எடுத்துக்கொண்டிருக்கும்போது மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைத்தால் இரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரும் வாய்ப்பு கூடுகிறது. அப்போது சர்க்கரை அளவு பெரிதாக ஏறியிருக்காது என்பதால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் தென்பட்டால் குளுக்கோமீட்டர் எண்ணைப் பார்த்து ஆறுதல் அடையாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். உணவை மாற்றுமுன் மருத்துவரிடம் சொல்லி மாத்திரை அளவைத் திருத்திக்கொள்வது கட்டாயம். அதுவரை பழைய உணவுக்கே அவர் திரும்புவது நல்லது. மாத்திரையைத் தாமாக நிறுத்தவும் கூடாது.

அடுத்து பொட்டாசியம். மேற்கு மாம்பலம் வாசகிக்கு நான் பரிந்து சொன்ன அதே கொய்யா உங்கள் தந்தைக்கு இப்போது ஏற்றதல்ல. கொய்யாவில் 100 கிராமுக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கிறது. வாழைப்பழத்தைவிட இது அதிகம். இளநீரிலும் 100 மில்லிக்கு 200 மில்லிகிராமுக்குக் குறையாது. ஒரு காயில் 300 மில்லி நீர் இருந்தால் கணக்கு எங்கே போகிறது என்று பாருங்கள். பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். ஆப்பிளிலும் அன்னாசியிலும் 100 கிராமுக்கு 110 மில்லிகிராம் அளவுதான் என்பதால், மருத்துவர் அனுமதித்தால் அவற்றில் ஒரு சிறு கிண்ணம் தரலாம். ஐந்து முனை நட்சத்திரம் போல வெட்டி அடுக்கி விற்கிறார்களே, அந்த நட்சத்திரப் பழத்தை ஒரு துண்டுகூடத் தராதீர்கள். அதிலுள்ள நச்சைச் சிறுநீரகம் வெளியேற்ற முடியாமல் போனால் விடாத விக்கல், குழப்பம், வலிப்பு வரை கொண்டுபோய்விடும்.

மற்றவர்களுக்கு வேண்டாம் என்று நான் சொன்ன பழச்சாறு உங்கள் வீட்டில் ஒரு வேளைக்குத் தேவைப்படும். அப்பாவுக்குச் சர்க்கரை 70க்குக் கீழே தாழ்ந்து, அவர் நினைவோடும் விழுங்கும் நிலையிலும் இருந்தால் 15 கிராம் சர்க்கரை உடனே உள்ளே போக வேண்டும். அரைத் தம்ளரைவிடச் சற்றுக் கூடுதலான ஆப்பிள் சாறு, அல்லது மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் கரைத்த தண்ணீர் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். இன்னும் ஏறவில்லை என்றால் அதே அளவை மீண்டும் கொடுத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108க்கு அழைக்க வேண்டும்.